ஒரு பட்டமும் பதின்மூவாயிரம் ஏக்கரும்



ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் டெல்டாப் பகுதியில் இரண்டு பேச்சுகள் எழும். மேட்டூர் அணை பன்னிரண்டாம் தேதி திறக்கப்படுமா, குறுவைக்குத் தண்ணீர் கடைமடை வரை வந்து சேருமா என்பது ஒன்று. பிள்ளையை எந்தக் கல்லூரியில், எந்தப் படிப்பில் சேர்ப்பது என்பது மற்றொன்று. முதல் பேச்சு வயலைப் பற்றியது. இரண்டாவது பட்டத்தைப் பற்றியது. நம் வீடுகளில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. படித்த பிள்ளை வயலை விட்டு வெளியேற வேண்டும் என்பதற்காகவே படிக்க வைக்கிறோம். படித்த மகளோ பெரும்பாலும் பட்டத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டு மறுவீடு செல்கிறாள்.

பட்டத்தையும் வயலையும் ஒரே வாழ்க்கையில் இணைத்துக் காட்டிய ஒரு பெண்மணி நம் மண்ணில் பணியாற்றியிருக்கிறார். கீழத் தஞ்சையின் கிராமங்களில் அவரை 'அம்மா' என்றே அழைப்பார்கள். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் என்பது அவர் பெயர். அவர் முஸ்லிம் அல்லர். காந்திய வழியில் வந்தவர். எனினும் அவருடைய வாழ்க்கையை முஸ்லிம் குடும்பங்கள் அறிந்துகொள்வது அவசியம் என்று கருதியே இதை எழுதுகிறேன். காரணத்தைப் பின்னால் கூறுகிறேன்; முதலில் அவர் யார் என்பதைப் பார்ப்போம்.

படிப்பு எதற்காக?

1926-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள், இன்றைய திண்டுக்கல் மாவட்டப் பகுதியில், நிலமற்ற தலித் குடும்பம் ஒன்றில் கிருஷ்ணம்மாள் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்த குடும்பம். தாய் நாகம்மாள் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தபோதும் கூலி வேலைக்குச் சென்றதைக் கண்ணால் கண்டு வளர்ந்தவர் அவர். அநீதி என்ற சொல்லை அவர் கற்றது பள்ளிக்கூடத்தில் அன்று. தாயின் உடலைப் பார்த்தே கற்றார்.

அக்காலத்தில் அத்தகைய குடும்பத்துப் பெண் எழுத்துக் கூட்டிப் படிப்பதே அரிது. அவரோ டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவோடு மதுரையில் தங்கிப் படித்துக் கல்லூரிப் பட்டம் பெற்றார். அந்தத் தலைமுறையில் பட்டம் பெற்ற தலித் பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அந்தப் பட்டம் அவருக்கு ஆசிரியர் பணியையோ அரசு அலுவலையோ எளிதில் தந்திருக்கும். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கிடைத்திருக்கும். அதற்காக யாரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

அவர் தேர்ந்துகொண்டது வேறு வழி. சங்கரலிங்கம் ஜெகந்நாதன் என்ற காந்தியத் தொண்டரை 1950-ஆம் ஆண்டு மணந்தார். வசதியான குடும்பத்தில் பிறந்து, காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பைத் துறந்து, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர் ஜெகந்நாதன். நாடு விடுதலை அடைந்த பின்பே திருமணம் என்று இருவரும் உறுதி பூண்டிருந்தனர். 1951-இல் வினோபா பாவே தெலங்கானாவில் பூமிதான இயக்கத்தைத் தொடங்கியபோது, நிலம் உள்ளவர்களிடம் சென்று நிலமில்லாதவர்களுக்காக நிலம் கேட்டு நடக்கும் அந்தப் பயணத்தில் இத்தம்பதியரும் தம்மை இணைத்துக்கொண்டனர்.

பட்டதாரி ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு இரண்டு ஆண்டுகள் தொண்டு செய்வது புதிதன்று. ஐம்பது, அறுபது ஆண்டுகள் அதையே தொழிலாகவும் வாழ்வாகவும் கொண்டிருப்பதுதான் அரிது. கிருஷ்ணம்மாளின் சிறப்பு அதில் இருக்கிறது.

வெண்மணிக்குப் பின்

1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு. அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணிக் கிராமம். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரி தாக்கப்பட்டது. உயிர் தப்புவதற்காக ஒரு குடிசைக்குள் ஒளிந்தவர்கள் அதனுள்ளேயே எரிக்கப்பட்டனர். இறந்தவர்கள் 44 பேர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். வழக்கில் கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்கள் பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டனர்.

நெற்களஞ்சியம் என்று நாம் பெருமையாகப் பேசும் இந்த மண்ணில், விளைந்த நெல்லில் அரைப்படி கூடுதலாகக் கேட்டதற்கு 44 உயிர்கள் கொடுக்கப்பட்டன. இதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

செய்தி அறிந்து வெண்மணிக்குச் சென்ற கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும், அனுதாபம் தெரிவித்துவிட்டுத் திரும்பிவிடவில்லை. அந்தப் பகுதியிலேயே தங்கிவிட்டனர். ஆறுதல் கூறுவோர் வந்து போவார்கள். நிலம் இல்லாதவனின் நிலை மாறாது. கூலி கேட்பவன் நிலத்துக்காரனின் தயவில் இருக்கும் வரை இது மீண்டும் நிகழும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். எனவே நிலத்தையே உழுபவருக்குப் பெற்றுத் தருவதைத் தம் வாழ்நாள் பணியாக ஏற்றனர்.

பூமிதான இயக்கத்தின் குறை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தானமாகக் கிடைத்த நிலங்களுள் பல விளையாத நிலங்கள். பல வழக்கில் சிக்கியவை. ஆகவே 1981-இல் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கினர். 'உழுபவருக்கு நில விடுதலை' என்பது அப்பெயரின் கருத்து. அதன் வழிமுறை எளிமையானது. நிலவுடைமையாளரையும் நிலமற்ற கூலித் தொழிலாளரையும் ஒரே இடத்தில் அமர வைத்துப் பேசுவது. நியாயமான விலை ஒன்றை முடிவு செய்வது. தொழிலாளர்களுக்குக் கடன் ஏற்பாடு செய்து நிலத்தை வாங்கித் தருவது. அவர்கள் கூட்டாக உழைத்துக் கடனை அடைக்கத் துணை நிற்பது. எவருடைய சொத்தும் பறிக்கப்படவில்லை; விற்றவருக்கு விலை கிடைத்தது, வாங்கியவருக்கு உரிமை கிடைத்தது.

சொல்வதற்கு எளிமையாக இருப்பினும் செய்வது எளிதாக இருக்கவில்லை. தொடக்கத்தில் வங்கிகள் கடன் தரத் தயங்கின. பத்திரப் பதிவுச் செலவும் பெரும் சுமையாக இருந்தது. உண்ணாநோன்பு, நடைப்பயணம், சிறை என எல்லாவற்றையும் தாண்டி, 2007-ஆம் ஆண்டு வாக்கில் ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலம் ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்குக் கைமாறியிருந்தது. குடும்பத்திற்கு ஒரு ஏக்கர். நம் கணக்கில் மூன்று மா. உழவு இல்லாத காலத்தில் பாய் நெசவு, தையல், தச்சு, கொத்து வேலை போன்ற தொழில்களைக் கற்றுத் தந்தனர். மழையில் கரையும் மண் குடிசைகளுக்கு மாற்றாக உறுதியான வீடுகள் கட்டவும் முயன்றனர்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. அந்த ஒரு ஏக்கர் குடும்பத்துப் பெண்ணின் பெயரிலேயே எழுதப்பட்டது. காரணம் விளங்காததன்று. ஆணின் பெயரில் இருக்கும் நிலம் கடனுக்கும் குடிக்கும் போய்விடக்கூடும். பெண்ணின் பெயரில் இருக்கும் நிலம் பிள்ளைகளின் சோற்றுத் தட்டாக நிலைத்திருக்கும்.

கடலோரத்தில் ஒரு போராட்டம்

1990-களில் நாகைக் கடற்கரையோரம் இறால் பண்ணைகள் பெருகின. நெல் விளைந்த வயல்களை வெட்டி, உப்பு நீரைத் தேக்கினர். அருகிலிருந்த வயல்கள் உவர் நிலமாயின. குடிநீர்க் கிணறுகள் உப்புக் கரித்தன. நடவும் களையெடுப்பும் நம்பி வாழ்ந்த பெண்கள் வேலை இழந்தனர். பாடுபட்டுப் பெற்றுத் தந்த நிலம் உப்பாவதைப் பார்த்துக்கொண்டிருக்க இத்தம்பதியரால் இயலவில்லை. ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது ஆகியோர் அடங்கிய அமர்வு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திற்குள் அமைந்த இறால் பண்ணைத் தொழில்களை அகற்றவும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது.

அந்த வெற்றி முழுமையாக நிலைக்கவில்லை. 2005-இல் வந்த புதிய சட்டம், ஆணையம் ஒன்றின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டு அத்தொழில் தொடர வழி செய்தது. இன்றும் கடற்கரைச் சாலையில் சென்றால் அந்தக் குளங்களைக் காணலாம். வாழ்நாள் தொண்டு என்பது வெற்றிகளின் வரிசையன்று என்பதற்கு இது சான்று. தோற்ற இடத்திலும் நிற்பவரே தொண்டர்.

1989-இல் பத்மஸ்ரீ, 2008-இல் 'மாற்று நோபல்' எனப்படும் விருது, 2020-இல் பத்மபூஷண் என்று விருதுகள் பின்னால் வந்தன. 2008-ஆம் ஆண்டு விருது கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. ஜெகந்நாதன் 2013 பிப்ரவரியில், 98 வயதில் காலமானார். அதன் பின்னரும், தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும், ஏழைக்கு வீடு வேண்டும் என்ற பேச்சைக் கிருஷ்ணம்மாள் விடவில்லை.

நமக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

"நம் முன்னோர்களில் சான்றுகள் இல்லையா? ஏன் மாற்று மதத்தவரைப் பற்றி எழுத வேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு விடை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இருக்கிறது.

நபித்துவத்திற்கு முன், யமன் நாட்டு வணிகர் ஒருவர் மக்காவில் சரக்கை விற்றார். வாங்கியவர் மக்காவின் பெரும்புள்ளி. விலையைக் கொடுக்க மறுத்தார். அந்த எளியவர் அபூ குபைஸ் மலையில் ஏறி நியாயம் கேட்டு முறையிட்டார். அதைக் கேட்ட சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவருக்குரியதைப் பெற்றுத் தரும் வரை ஒன்றாக நிற்போம் என்று உடன்படிக்கை செய்தனர். 'ஹில்ஃபுல் ஃபுளூல்' என்று வரலாறு அதை அழைக்கிறது. அதில் நம் நபியவர்கள் இளைஞராகக் கலந்துகொண்டார்கள். அக்கூட்டத்தில் இருந்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆயினும் இஸ்லாம் வந்த பின்னரும் அந்த உடன்படிக்கையை நபியவர்கள் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள். இப்போது அத்தகைய ஒன்றிற்கு அழைக்கப்பட்டாலும் ஏற்பேன் என்ற கருத்தில் பேசினார்கள்.

உழைத்தவனுக்கு உரியதைக் கொடு என்பதே ஹில்ஃபுல் ஃபுளூலின் சாரம். வெண்மணியின் கோரிக்கையும் அதுவே. தொழிலாளியின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று போதிக்கப்பட்ட சமுதாயம் நாம். அந்த நீதிக்காக வாழ்ந்தவரின் சமயம் எதுவாயினும், அவருடைய பணியை மதிப்பது நபிவழிக்கு அந்நியமானதன்று. அவரவர் உள்ளத்தின் கணக்கு இறைவனிடம் இருக்கிறது. அதைத் தீர்ப்பது நம் வேலையன்று. நம் கண்முன் நடந்த நன்மையிலிருந்து பாடம் கற்பதே நம் வேலை.

நான் காணும் பாடங்கள் மூன்று.

ஒன்று: சேவையும் ஒரு பணியே

பேரிடர் வந்தால் நம் சமுதாயம் முன்னால் நிற்கும். இதில் எவருக்கும் ஐயமில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, முஸ்லிம் இளைஞர்கள் மதம் பாராமல் உடல்களை மீட்டு அடக்கம் செய்தனர். நாகூர் தர்காவின் இடத்திலும் எல்லாச் சமயத்தாரும் அடக்கம் செய்யப்பட்டனர். 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பகுதிகளைச் சாய்த்தபோதும் பள்ளிவாசல்களில் உலை எரிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் பேரிடர்ப் பணி சில வாரங்களில் முடிந்துவிடும். வறுமை எல்லா நாளும் இருக்கும் பேரிடர். அதற்கு விடுமுறை நாள் தொண்டு போதாது. கணக்கு எழுதத் தெரிந்தவர், சட்டம் தெரிந்தவர், அரசு அலுவலகத்தில் மனு எழுதி மாதக்கணக்கில் தொடர்ந்து கேட்கும் பொறுமை உள்ளவர், அதாவது படித்தவர், முழு நேரமும் வேண்டும்.

"சேவை செய்தால் வீட்டில் அடுப்பு எரியுமா?" என்பது பெற்றோரின் நியாயமான கேள்வி. அதற்கும் மார்க்கம் விடை வைத்திருக்கிறது. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரைத் திருக்குர்ஆன் ஒன்பதாம் அத்தியாயத்தின் அறுபதாம் வசனத்தில் வரிசைப்படுத்துகிறது. ஏழைகளுக்கும் வறியவர்களுக்கும் அடுத்து மூன்றாவதாக இடம்பெறுவோர், அந்த ஸகாத்தைத் திரட்டிப் பங்கிடும் பணியாளர்கள். ஏழைக்காக உழைப்பவருக்கு ஊதியம் உண்டு என்பதை இறைவனே நிர்ணயித்துவிட்டான். சேவை என்பது ஓய்வு பெற்ற பின் பொழுதுபோக்காகச் செய்வது என்றிருந்தால், பணியாளர் என்ற பிரிவு அங்கே வந்திருக்காது.

இன்று நம் ஜமாஅத்துகளில் இமாமுக்கும் முஅத்தினுக்கும் ஊதியம் உண்டு. போதுமானதா என்பது வேறு பேச்சு. பைத்துல்மாலை நடத்துவோரோ பெரும்பாலும் கடையைப் பூட்டிவிட்டு இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்குபவர்கள். அவர்களுடைய இக்லாஸை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு விதவையின் உதவித்தொகை மனுவைக் கூடத் தொடர முடியாது. திருச்சி ஜமால் முகமது கல்லூரி 1951 முதலும், அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி 1955 முதலும் நமக்குப் பட்டதாரிகளைத் தந்துகொண்டிருக்கின்றன. அவர்களுள் ஒரு மஹல்லாவிற்கு ஒருவரை, ஆணாயினும் பெண்ணாயினும், தகுந்த ஊதியம் கொடுத்து முழுநேரச் சேவையில் அமர்த்த நம்மால் இயலாதா? அந்த ஊதியத்தை ஸகாத்திலிருந்து கொடுப்பதா, ஸதகாவிலிருந்தா, வக்ஃபு வருமானத்திலிருந்தா என்பதை அந்தந்த ஊரின் ஆலிம்கள் அமர்ந்து தீர்மானிக்கட்டும். திருமண மண்டபத்திற்குக் குளிரூட்டும் கருவி வாங்க வழி காணும் நமக்கு, இதற்கும் வழி கிடைக்கும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாக ஒரு சொல். நபியவர்களின் துணைவியருள் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கைத்தொழிலால் சம்பாதித்ததை ஏழைகளுக்கு வழங்கியவர்கள். தமக்குப் பின் முதலில் தம்மை வந்து சேர்பவர் நீண்ட கையுடையவர் என்று நபியவர்கள் கூறியபோது, துணைவியர் தம் கைகளை அளந்து பார்த்தனர். ஸைனப் (ரலி) அவர்கள் முதலில் மரணித்த பின்னரே, நீண்ட கை என்பது ஈகையைக் குறித்தது என்று உணர்ந்தனர். உங்கள் மகளின் பட்டம் அவள் கையை நீட்டுவதற்குப் பயன்படட்டும்.

இரண்டு: மகளின் ஏக்கர்

மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுப்பவர்களிடம் பாகப்பிரிவினைக் கணக்குக் கேட்டு வருவோர் உண்டு. கணக்கைத் தவறின்றிப் போட்டு வாங்கிச் செல்வார்கள். சில மாதங்கள் கழித்து விசாரித்தால், "தங்கச்சி விட்டுக் கொடுத்துவிட்டாள்" என்பார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்தும் ஆகியிருக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் எட்டு ஏக்கர் நஞ்சையை விட்டு இறக்கிறார். கடனும் வஸிய்யத்தும் இல்லை; பெற்றோர் முன்னரே இறந்துவிட்டனர். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கின்றனர். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது ஒரு ஏக்கர். மீதி ஏழு ஏக்கரில் மகனுக்கு மூன்றரை. மகள் ஒவ்வொருத்திக்கும் ஒன்றே முக்கால்.

வெண்மணியைச் சுற்றிய கிராமங்களின் பெண்கள் ஒரு ஏக்கரைப் பெறுவதற்குப் பல்லாண்டு போராடினர். நம் மகளோ இறைவன் எழுதிக் கொடுத்த ஒன்றே முக்கால் ஏக்கரை ஒரு பிற்பகலில், ஒரு கையெழுத்தில் இழந்துவிடுகிறாள். சீர் செய்தோம், நகை போட்டோம், கைக்கூலி கொடுத்தோம், அதில் எல்லாம் முடிந்தது என்பது வாதம். உயிரோடிருக்கும்போது கொடுத்த அன்பளிப்பு, இறப்பிற்குப் பின் வரும் வாரிசுப் பங்கை அழித்துவிடாது. விட்டுக் கொடுப்பது செல்லுமா என்றால், தன் பங்கு எவ்வளவு என்று அறிந்து, எவ்வித நெருக்குதலும் இல்லாமல், மனம் விரும்பிக் கொடுத்தால் செல்லும். பிறந்த வீட்டுப் படி ஏற முடியாமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் இட்ட கையெழுத்து மன விருப்பமாகாது.

உஹதுப் போரில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, தம் இரு பெண் குழந்தைகளோடு நபியவர்களிடம் வந்து முறையிட்டார். குழந்தைகளின் சிறிய தந்தை சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார் என்பதே முறையீடு. வாரிசுரிமை வசனம் இறங்கியது. நபியவர்கள் அந்தச் சிறிய தந்தையை அழைத்து, மகள்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டும், மனைவிக்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார்கள். நம் வாரிசுரிமைச் சட்டத்தின் வாசலில் நிற்பது நிலம் பறிக்கப்பட்ட ஒரு பெண்ணின் முறையீடு. அதை நாம் மறந்துவிட்டோம்.

நாட்டின் சட்டமும் இதில் தடையாக இல்லை. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தைத் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தது. 1949-இல் சென்னை மாகாணம் திருத்தம் கொண்டுவந்து அந்த விலக்கை நீக்கியது. எனவே தமிழ்நாட்டில் வயலிலும் மகளுக்குப் பங்குண்டு என்பது மார்க்கம், சட்டம் இரண்டின் தீர்ப்பு. குறுக்கே நிற்பது நம் வழக்கம் மட்டுமே. ஷரீஅத்தைப் பாதுகாப்போம் என்று மேடையில் முழங்கும் நாம், அந்த ஷரீஅத் மகளுக்கு வைத்த வயலை அவளுக்கு அளந்து கொடுத்துவிட்டு முழங்கினால் அந்தக் குரலுக்கு வலிமை கூடும்.

மூன்று: தரிசாகக் கிடக்கும் நிலம்

கூத்தாநல்லூர், பொதக்குடி, முத்துப்பேட்டை, இராஜகிரி, பண்டாரவாடை என்று நம் ஊர்கள் பலவற்றில் தலைமுறைகளாக ஆண்கள் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பொருள் ஈட்டுகின்றனர். வாங்கிப் போட்ட வயல்கள் ஊரில் இருக்கின்றன. சில குத்தகையில், சில தரிசாக, சில மனைப்பிரிவுக் கற்கள் நடப்பட்டு.

நிலம் உடையவர் தாமே பயிரிட வேண்டும், இயலாவிட்டால் தம் சகோதரருக்குப் பயிரிடக் கொடுக்க வேண்டும் என்ற கருத்தில் நபிமொழி வந்திருக்கிறது. குத்தகை கூடும் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அதை நான் மறுக்கவில்லை. நிலத்தை வீணாகக் கிடக்க விடாதே, உழைப்பவன் கையில் கொடு என்ற அந்த நபிமொழியின் நோக்கத்தையே நினைவூட்டுகிறேன். விற்க நினைப்பவர், பல ஆண்டுகள் அந்த வயலில் நாற்றுப் பறித்து நட்ட குடும்பத்திற்கு நியாயமான விலையில் முதல் வாய்ப்பைக் கொடுக்கலாம். அவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

'லாஃப்டி' வங்கிக் கடனை நாடியது. வட்டி என்பதால் அந்தப் பகுதி நமக்கு வழியாகாது. நமக்கென்று 'கர்ளன் ஹஸனா' என்ற அழகிய கடன் இருக்கிறது. பத்து வசதியான குடும்பங்கள் சேர்ந்து, தவணையில் திருப்பித் தரும் வட்டியில்லாக் கடனாக ஒரு ஏக்கரின் விலையைக் கொடுத்தால், ஒரு விதவையின் பெயரில் ஒரு ஏக்கரைப் பதிவு செய்யலாம். அந்தப் பணம் திரும்பி வந்ததும் அடுத்த விதவைக்குச் செல்லும். ஆண்டுக்கு ஒரு ஏக்கர் என்று தொடங்கினாலும் போதும். கிருஷ்ணம்மாள் தம்பதியரும் பதின்மூவாயிரம் ஏக்கரை ஒரே நாளில் பெற்றுவிடவில்லை.

இந்த ஆண்டு தொடங்கலாம்

ஒரு மனித உயிரைக் காப்பவர் மனித குலம் முழுவதையும் காத்தவர் போன்றவர் என்று திருக்குர்ஆன் போதிக்கிறது. நாம் அதைப் பேச்சுப் போட்டிகளில் மனப்பாடமாகச் சொல்ல வைக்கிறோம். அதை ஒரு தொழிலாகவே ஏற்று, பட்டப்படிப்பை முடித்த நாள் முதல் முதுமை வரை வாழ்ந்து காட்டியவர் நம் பக்கத்து வயலில் இருந்தார். நம்மில் பலருக்கு அவர் பெயர் கூடத் தெரியாது.

இந்த ஆண்டு மகளையோ மகனையோ கல்லூரியில் சேர்க்கும் பெற்றோர், "படித்து முடித்தால் எவ்வளவு சம்பளம்?" என்ற கேள்வியோடு, "இந்தப் படிப்பால் யாருடைய கண்ணீர் துடைக்கப்படும்?" என்ற கேள்வியையும் பிள்ளையிடம் கேளுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள், அடுத்த பொதுக்குழுவில் ஒரு பட்டதாரியை முழுநேரச் சேவைக்கு அமர்த்தும் தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள். தந்தையின் நிலத்தை இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கும் சகோதரர்கள், குறுவை நாற்று விடுவதற்கு முன் சகோதரியை அழைத்து, வரப்பில் நின்று அவளுடைய பங்கை அளந்து காட்டுங்கள். பட்டாவும் அவள் பெயருக்கு மாறட்டும்.

தண்ணீர் மேட்டூரிலிருந்து கடைமடைக்கு வர நாட்கள் ஆகும். வழியில் யாரும் அடைத்துக்கொள்ளாதிருந்தால் வந்து சேர்ந்துவிடும். இறைவன் அளித்த செல்வமும் அறிவும் அப்படித்தான். கடைமடையில் காத்திருப்பவருக்கு அவை சென்று சேர, நம்மை மடைகளாக ஆக்குவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.